ஏரி நிலவரம் மணிக்கொருமுறை வேண்டும்

ஆசிரியருக்கு,

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. 24 எல்.இ.டி. கொண்ட பட்டையைச் சுவரில் செங்குத்தாக ஒட்டி, அடிக்கு ஒரு விளக்கு எரியவிட்டால் ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது வீட்டுக் கூடத்திலேயே தெரியும். பொத்தானை அழுத்தினால் அதே பட்டை நீர்வரத்தைக் காட்டும். மறுபடி அழுத்தினால் வெளியேற்றத்தை. ஏரியின் உபரிநீர் போய்ச் சேரும் அடையாற்றின் கரையில் வசிப்போருக்கு மிகவும் பயன்படக்கூடிய கருவி இது.

நோட்எம்சியு போர்டு (வைஃபை உள்ள சிறிய கட்டுப்பாட்டுப் பலகை), டபிள்யூஎஸ்2812பி பட்டை (ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியே இயக்கக்கூடிய எல்.இ.டி. பட்டை), 5 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜர், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தால் போதும். முதல் விளக்கு மட்டும் தாறுமாறாக மினுங்கினால் பட்டை பழுது என்று தூக்கிப் போட வேண்டாம். போர்டு தரும் சிக்னல் 3.3 வோல்ட், 5 வோல்ட்டில் ஓடும் பட்டைக்கு 3.5 வோல்ட்டாவது வேண்டும். இடையில் சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் 74எச்சிடி125 சிப்பைச் சேர்த்தால் சரியாகிவிடும். புயல் நாளில் கரண்ட் போகும் என்பதால் மினி யுபிஎஸ் அவசியம், ரவுட்டருக்கும் சேர்த்து.

உண்மையான சிக்கல் தகவலில்தான். சென்னைக் குடிநீர் வாரியம் இணையதளத்தில் ஏரி நிலவரத்தை நாளுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. கோடையில் அது போதும். மழைக்காலத்தில் போதாது. விநாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க நீர் வந்தால் ஏரியில் 86.4 மில்லியன் கன அடி சேரும். 2015 டிசம்பர் 1 அன்று வெளியேறிய விநாடிக்கு 29,000 கன அடி அதே வேகத்தில் நீடித்தால் ஒரே நாளில் சுமார் 2,500 மில்லியன் கன அடி. ஏரியின் மொத்தக் கொள்ளளவே 3,645தான். அப்படிப்பட்ட நாளில் காலை அளவை மாலையில் பார்த்து என்ன பயன்?

இணையப் பக்கத்திலிருந்து எண்ணை உருவி எடுக்கும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. அட்டவணையில் ஒரு பத்தி இடம் மாறினால், கொள்ளளவை உயரமென்று எடுத்துக்கொண்டு 24 விளக்கும் எரியும். எனவே உயரமாக 24-க்கு மேற்பட்ட எண்ணை நிரல் ஏற்கக் கூடாது. தகவல் பழையதானால் பட்டை மங்கிவிட வேண்டும். பழைய எண்ணைப் பளிச்சென்று காட்டும் கருவி, கருவியே இல்லாததைவிடக் கெடுதல்.

வடகிழக்குப் பருவமழை முடியும் வரையிலாவது உயரம், வரத்து, வெளியேற்றம் மூன்றையும் மணிக்கொருமுறை, அளந்த நேரத்தோடு, கணினி நேரடியாகப் படிக்கும் கோப்பாக வாரியம் வெளியிட வேண்டும்.

– வாசகர், முகலிவாக்கம், சென்னை