மண்டகப்படித் திருப்பணி நிறைவு அறிக்கை: தெற்குத் திண்ணை பற்றியும் சில வார்த்தைகள்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அப்பன்திருப்பதிக்கும் கடச்சனேந்தலுக்கும் நடுவே, அழகர்கோவில் சாலையோரம் இருக்கும், சித்திரைத் திருவிழாவில் அழகர் நின்று செல்லும் நமது மண்டகப்படியின் திருப்பணி நிறைவடைந்தது. ஓடுகள் மாற்றப்பட்டன, தரைக்குக் கல் பாவப்பட்டது, தண்ணீர்த் தொட்டி புதிதாகக் கட்டப்பட்டது. வரவு செலவுக் கணக்கைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். யாரும் வந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். ஆனால் இதுவரை வந்த கேள்விகளில் பாதி கணக்கைப் பற்றியவை அல்ல. தெற்குத் திண்ணையை ஏன் இடிக்கவில்லை என்றே கேட்கிறார்கள், சிலர் கோபமாக.

அது ஹவில்தார் ஐயா உட்கார்ந்து தோப்பறை, அதாவது அழகர் மீது தண்ணீர் பீய்ச்சும் தோல் பை, தைத்த திண்ணை. திருப்பணி பாதியில் இருக்கும்போது அவர் காலமானார்.

தோல் வேலை அவருக்குத் தலைமுறைத் தொழில். அவருடைய தகப்பனார் தைத்த ஆட்டுத்தோல் துருத்திகளால்தான் மதுரை ராமராயர் மண்டபத்தில் நம் ஊரார் அழகர் மீது தண்ணீர் பீய்ச்சினார்கள். தைத்தவரோ இந்த மண்டகப்படிக்கு வெளியே நின்று கூலி வாங்கிப் போனார். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோவிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது. அந்தச் செய்தி இந்தச் சாலைக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. இதை அறிக்கையில் எழுத வேண்டாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் எழுதச் சொன்னோம்.

ஐயா ராணுவத்தில் கோவேறு கழுதைகளுக்குச் சேணம் தைத்தார். 1971 போரின்போது வடக்கே மலைப் பகுதியில் இருந்தார். சேணம் உரசி முதுகில் புண் வந்தால் கழுதை நடக்காது, சுமை மேலே போகாது. ஆகவே தையல் என்பது அங்கே உயிர் விஷயம் என்பார். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக இழுக்கும் தையல் அவருடையது. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற இழை பிடித்துக்கொள்ளும். ஓய்வு பெற்று வந்ததும், எவரிடமும் அனுமதி கேட்காமல் குத்தூசியோடு அந்தத் திண்ணையில் உட்கார்ந்தார். மீசையைப் பார்த்தோ என்னவோ, எழுப்பிவிட ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோலைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். குரோம் உப்பில் பதப்படுத்திய தோல் மலிவு என்று சொன்னவர்களிடம், சாமி மேல் படும் தண்ணீர் அது என்று முடித்துவிடுவார். மோட்டார் வைத்துப் பீய்ச்சும் இளைஞர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அழுத்தக் குழாய்கள் கூடாது, தோல் பை போதும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்ன அன்று எல்லோருக்கும் அவர் செலவில் தேநீர்.

சுண்ணாம்புக் காரைக்காகக் கொத்தனார் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்திருந்தார். ஐயா ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்து, துவர்ப்பு இன்னும் இறங்கவில்லை, பொறுங்கள் என்றார். தோலுக்கும் கடுக்காய் போடுகிறவர் அல்லவா! கொத்தனார் சிரித்தார், ஆனாலும் பொறுத்தார். திண்ணைக்குப் பூசியிருப்பது அந்தக் காரைதான். குத்தூசி பட்டுக் குழிந்த பலகையை இழைக்காமல் அப்படியே பதித்திருக்கிறோம்.

பெயர்க் கல்லில்தான் தகராறு. ‘முன்னாள் படைவீரர்’ என்று மட்டும் போட்டால் கௌரவமாக இருக்கும் என்றனர் சிலர். அவருடைய மகளைக் கேட்டோம். தோல் தொழிலாளி என்பதை முதலில் வெட்டுங்கள், ராணுவம் அதற்குக் கீழே வரட்டும் என்றார். அவ்வாறே வெட்டியிருக்கிறது. இதில் ஆட்சேபம் உள்ளவர்கள் பொதுக்குழுவில் எழுந்து பேசலாம்.

பின்புற வடிகால் மட்டும் பாக்கி. சித்திரைக்குள் முடித்துவிடுவோம்.

வீட்டில் பழைய தோப்பறை வைத்திருப்பவர்கள் பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் திண்ணைக்குக் கொண்டுவரவும். மகள் தையலைப் பார்த்துத் தருவார். நூல் குழுவின் பொறுப்பு. புங்கெண்ணெயை அவரவர் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
மண்டகப்படித் திருப்பணிக் குழு