பழைய வேக வண்டிக்கு எந்தக் கியர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையின் வாகனப் பகுதியில், பழைய டொயோட்டா அல்டெஸ்ஸா ஆர்எஸ்200 ஒன்றை வாங்க எண்ணியிருக்கும் வாசகர் ஒருவர், மெனுவல் கியர் உள்ளதை எடுப்பதா, ஓட்டோ கியர் உள்ளதை எடுப்பதா என்று கேட்டிருந்தார். கொழும்பு நெரிசலில் ஓட்டோவைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம் என்றும், இன்றைய ஓட்டோ கியர்கள் மெனுவலை விட வேகமானவை, சிக்கனமானவை என்றும் அவருக்குப் பதில் தரப்பட்டிருந்தது. இன்றைய கியர்களைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்த வாசகர் இன்றைய வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

ஓட்டோ, மெனுவலை வேகத்தில் முந்தத் தொடங்கியது அண்மைக் காலத்துக் கதை. அடுத்த கியரை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருந்து நொடிப்பொழுதில் மாறும் இரட்டைக் கிளச் ஓட்டோ கியர் பொக்ஸ், விற்பனைக்கு வந்த கார் ஒன்றில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது 2003 இல், வோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32 இல். நிசான் ஜீடிஆர் அத்தகைய கியருக்கு மாறியது 2007 இல். அதற்கு முந்திய ஸ்கைலைன் ஜீடிஆர் ஆர்32, ஆர்33, ஆர்34 மூன்றுமே மெனுவலில் மட்டும்தான் விற்கப்பட்டன. 1990களில் ஜப்பானிலிருந்து வந்த வேக வண்டிகளில் இருக்கும் ஓட்டோ பெரும்பாலும் நான்கு வேகங்களோடு, டோர்க் கன்வேர்ட்டரோடு இயங்கும் பழைய வகை. அவற்றைத் தயாரித்தவர்களே அவற்றுக்கு முழு வலுவையும் கொடுக்கத் தயங்கினார்கள். வாசகர் கேட்ட அதே அல்டெஸ்ஸா ஆர்எஸ்200 இல் மெனுவலுக்கு 210 குதிரைவலு, ஓட்டோவுக்கு 200. மஸ்டா ஆர்எக்ஸ்-7 இன் பிற்கால மெனுவல் வகைகள் 265, 280 என்று ஏறிச் சென்றபோதும் ஓட்டோ 255 இலேயே நின்றது. மிட்சுபிஷி 2002 இல் லான்சர் எவலூஷன் 7 இன் ஓட்டோ வகையை வெளியிட்டபோது, 280 ஐ 272 ஆகக் குறைத்ததோடு முறுக்குவிசையையும் கணிசமாகக் குறைத்தே வெளியிட்டது.

வேகம் குறைவு என்பது ஒரு குறையே அல்ல என்று சொல்பவர்கள் உண்டு. காலி வீதியில் 280 குதிரைவலுவை எங்கே ஓட விடுவது என்று அவர்கள் கேட்டால் என்னிடம் மறுமொழி இல்லை. என் ஆட்சேபம் வெப்பத்தைப் பற்றியது. ஓட்டோ கியர் பொக்ஸில் எஞ்சினையும் கியரையும் இணைப்பது கிளச் தட்டு அல்ல, டோர்க் கன்வேர்ட்டருக்குள் சுழலும் ஒயில். எஞ்சின் பக்கத்துச் சக்கரம் வீசும் ஒயில் கியர் பக்கத்துச் சக்கரத்தைத் தள்ளுகிறது. வண்டி நின்ற நிலையிலிருந்து எழும்பும்போது முறுக்குவிசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கித் தருவதும் இந்த அமைப்புத்தான். ஆனால் இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழலாத ஒவ்வொரு கணமும் வலுவின் ஒரு பகுதி வெப்பமாக மாறி அந்த ஒயிலுக்குள் இறங்குகிறது. இரண்டையும் பூட்டி விடும் லொக்-அப் கிளச், அந்தக் கால வண்டிகளில் பெரும்பாலும் மேல் கியர்களில், சீரான வேகத்தில்தான் இயங்கும். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றரில் செல்லும்போது அது பூட்டிக்கொள்ளும், ஒயிலும் குளிர்ச்சியாக இருக்கும். மாலை ஐந்து மணிக்குக் கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை ஊர்ந்து வரும்போது அது ஒருமுறையேனும் பூட்டுமா என்பது சந்தேகமே. ஆகவே, நெரிசலுக்கு ஓட்டோதான் உகந்தது என்ற கூற்று சாரதியின் காலுக்குப் பொருந்தும். இருபத்தைந்து வயதான கியர் பொக்ஸுக்கு அந்த நெரிசலே பெரிய பகை.

வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடும்போதெல்லாம் ஓட்டோ ஒயிலின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது இத்துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. அந்த ஒயிலைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேற்றரின் தொட்டிக்குள்ளேயே ஓடுகிறது. எஞ்சின் தண்ணீரே கொதிநிலையை நெருங்கி நிற்கும் வேளையில் அது ஒயிலை எவ்வளவு குளிர்விக்கும்? அதைவிட மோசமானது, பழைய ரேடியேற்றரின் உள்குழாய் துருப்பிடித்துத் துளை விழுவது. தண்ணீர் ஒயிலோடு கலந்து, டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் சிவப்புக்குப் பதிலாக இளஞ்சிவப்பாய், பாலாடை போல ஒட்டிக்கொண்டு வரும். அந்த நிலைக்கு வந்த கியர் பொக்ஸைக் கழற்றாமல் காப்பாற்றிய ஒருவரை நான் கண்டதில்லை. ரேடியேற்றருக்கு முன்னால் தனியாக ஒரு ஒயில் கூலரைப் பொருத்துவது பெரிய செலவு அல்ல. பழைய ஓட்டோ வண்டி வைத்திருப்பவர் இசைக்கருவிகளையும் சைலென்ஸரையும் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது அதுவே.

இனி, பழுது வந்த பின் என்ன செய்வது என்பதைப் பார்ப்போம். என் கருத்தில் தெரிவு தீர்மானிக்கப்பட வேண்டியது இங்கேதான். மெனுவல் கியர் பொக்ஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பழுதாகும். இரண்டாம் கியர் குளிர்ந்த நிலையில் உறுமும், கிளச் மேலே ஏறிப் பிடிக்கும், பெயாரிங் இரையும். இவற்றில் எதுவும் வண்டியை அன்றைக்கே நடுவீதியில் நிறுத்தாது. கிளச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங் ஆகியவற்றை மருதானை, பாஞ்சிகாவத்தைப் பக்கத்தில் தேடிப் பிடிக்கலாம். அவற்றை மாற்றத் தெரிந்த கராஜ் எந்த ஊரிலும் உண்டு. பழைய ஓட்டோவோ, சற்றுத் தயங்கிக் கியர் விழத் தொடங்கிய சில நாட்களிலேயே ரிவர்ஸ் இல்லாமல் போய்விடக் கூடும். அதைப் பிரித்து, உள்ளே அடுக்கியிருக்கும் கிளச் தட்டுத் தொகுதிகளையும், ஒயிலைப் பங்கிட்டுக் கியரை மாற்றும் வால்வ் தொகுதியையும் முறையாகச் செய்யத் தெரிந்தவர்கள் கொழும்பில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆகவே, பிரிப்பதற்குப் பதிலாக “ரீகண்டிஷன் பொக்ஸ் ஒன்று போட்டுவிடுவோம்” என்று, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பழைய பொக்ஸைப் பொருத்துவதே வழக்கமாகிவிட்டது. அந்தப் பொக்ஸ் கடை வாசலில் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கூலர் குழாய்த் துளைகளில் பழந்துணி செருகியிருக்கும், வயர் கொத்து வெட்டித் தொங்கும், மேலே சுண்ணக்கட்டியால் ஒரு மொடல் இலக்கம் எழுதியிருக்கும். அது எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எந்த ஒயிலில் ஓடியது என்பதைக் கடைக்காரராலும் சொல்ல இயலாது. பொருத்தி ஓட்டிப் பார்த்தால் மட்டுமே தெரியும். அதற்குள் கூலியும் ஒயில் செலவும் கைவிட்டுப் போயிருக்கும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. திறந்த பின்னும் வயது எல்லை இருப்பதால், இந்தப் பழைய வண்டிகள் இனிப் புதிதாக வந்து சேரப் போவதில்லை. நாட்டில் இருப்பவற்றைத்தான் மாறி மாறி வாங்கி விற்கிறோம். திருத்தி ஓட்டக்கூடிய கியருக்கு மதிப்பு அதிகம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மெனுவல் வண்டிக்குச் சந்தையில் கேட்கப்படும் மேலதிக விலையை வெறும் இளைஞர் மோகம் என்று தங்கள் பகுதி ஒதுக்கிவிட்டது எனக்கு முறையாகப் படவில்லை.

இவ்வளவும் சொன்னதால் மெனுவலுக்குத் தொல்லையே இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். வேக வண்டிகளின் கிளச் சாதாரண காரின் கிளச்சை விட அழுத்தமானது. முன்னைய உரிமையாளர் இன்னும் இறுக்கமான பிரஷர் பிளேட் ஒன்றைப் போட்டிருந்தால், பம்பலப்பிட்டிச் சந்தி சிக்னலில் இரண்டு முறை நிற்பதற்குள் இடது முழங்கால் முறையிடத் தொடங்கும். வீட்டில் இன்னொருவரும் அதே வண்டியை ஓட்ட வேண்டியிருந்தால் அவருடைய விருப்பமும் கணக்கில் வர வேண்டும். ஒயில் விடயத்திலும் கவனம் தேவை. பழைய மெனுவல் பொக்ஸ்கள் பலவற்றில், கியர் மாறும்போது பற்சக்கரங்களின் வேகத்தை உராய்வால் ஒன்றாக்கும் சிங்க்ரோ வளையங்கள் பித்தளையால் ஆனவை. ஜீஎல்-4 தரம் கேட்கும் பொக்ஸில் டிஃபரென்ஷலுக்கான ஜீஎல்-5 ஒயிலை ஊற்றினால், அதிலுள்ள கந்தகச் சேர்க்கை பித்தளையை அரிக்கக்கூடும். வழுக்கலும் மிகுதியாகி வளையம் பிடிக்கத் தவறும். “கியர் ஒயில்தானே” என்று ஊற்றிக் கெடுத்த பொக்ஸ்கள் குறைவல்ல.

ஓட்டோவிலும் எல்லாம் ஒரே தரம் அல்ல. ஐசின் தயாரித்த டொயோட்டாவின் ஏ340 குடும்பத்துப் பொக்ஸ்கள், சேசர் டூரர்-வீ, சுப்ரா போன்ற வண்டிகளில் வந்தவை, நல்ல கூலரும் நேரத்துக்கு ஒயில் மாற்றமும் கிடைத்தால் நெடுங்காலம் உழைப்பவை. நாள்தோறும் அலுவலகம் போக வேண்டும், ஆனால் வண்டி சேசராகத்தான் இருக்க வேண்டும் என்பவர் ஓட்டோவை எடுத்தால் நான் தடுக்க மாட்டேன். நிசானுக்கு மெட்டிக்-டி, மிட்சுபிஷிக்கு எஸ்பி வகை, டொயோட்டாவுக்கு டி-4 என்று ஒவ்வொன்றும் கேட்கும் ஒயில் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு ஒயிலை ஊற்றும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோகக் கூடாது. கீழ்த் திருகைக் கழற்றினால் மொத்த ஒயிலில் ஒரு பகுதிதான் வடியும், மீதி கன்வேர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும் என்பதையும் பலர் அறிவதில்லை.

மலைநாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். கடுகண்ணாவை ஏற்றத்தில் பழைய ஓட்டோ மூன்றுக்கும் நான்குக்கும் இடையே ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். நான்காம் கியரைத் தடுக்கும் ஓவர்டிரைவ் பொத்தானை அணைத்து வைத்தால் அந்தத் தொல்லையும் அதனால் வரும் சூடும் குறையும். இறங்கும்போது நெம்புகோலை இரண்டுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் பிரேக் மட்டுமே வண்டியைத் தாங்கும். ரம்பொடைப் பக்கத்து மழை வளைவுகளில் பின்சக்கர இயக்க வண்டியை ஓட்டுபவர்கள், வளைவின் நடுவே அக்சிலரேற்றரை ஆழ மிதித்தால் பழைய ஓட்டோ சட்டென்று கீழ்க் கியருக்கு விழுந்து பின் டயர்களைச் சறுக்க வைக்கும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். மெனுவலில் எந்தக் கியரில் இருக்கிறோம் என்பது நம் கையில்.

விலை குறைந்த ஓட்டோவை வாங்கிப் பிறகு மெனுவலாக மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனை இப்போது பரவலாகக் கேட்கிறது. பொக்ஸை மட்டும் மாற்றி முடியும் வேலை அல்ல அது. பெடல் தொகுதி, கிளச் மாஸ்டர் சிலிண்டர், ஃபிளைவீல், தாங்கும் குறுக்குச் சட்டம், பல வண்டிகளில் புரோப்பெலர் ஷாஃப்ட், வேகமானிக்கான சென்சர், எஞ்சின் கணினி, வயரிங் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். மெனுவல் வண்டியின் ஹாஃப் கட் (உதிரிப்பாகங்களுக்காகக் குறுக்கே வெட்டிய முன்பாதி) ஒன்று குறையின்றிக் கிடைத்து, வயரிங் அறிந்த ஒருவரும் கிடைத்தால் அது நடக்கும். அரைகுறையாகச் செய்யப்பட்டால் எச்சரிக்கை விளக்கு அணையாத, வேகமானி உண்மை சொல்லாத வண்டி ஒன்றே மிஞ்சும். காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை அறிவித்து வைக்காவிட்டால், விபத்துக்குப் பின் அதுவே வாக்குவாதமாகும்.

ஆகவே அல்டெஸ்ஸா வாசகருக்கு என் பரிந்துரை மெனுவல்தான். ஆனால் பார்க்கும் வண்டியின் பொக்ஸ் நன்றாக இருந்தால் மட்டுமே. இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் எடுத்து, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிப் பார்க்கட்டும். நியூட்ரலில் இரைச்சல் கேட்டு, கிளச்சை மிதித்ததும் நின்றால் பொக்ஸின் உள் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்கும்போதுதான் இரைந்தால் ரிலீஸ் பெயாரிங். மேல் கியரில் மெதுவாகச் செல்லும்போது முழுதாக மிதித்து, சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. ஓட்டோவைப் பார்க்கப் போனால், சூடான நிலையில் எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை வெள்ளைக் காகிதத்தில் துடைத்து நிறத்தையும் மணத்தையும் கவனித்து, நியூட்ரலிலிருந்து ரிவர்ஸுக்கு இழுத்ததும் வண்டி பிடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கட்டும்.

தங்கள் வாகனப் பகுதிக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. டொயோட்டா வண்டிகளின் எஞ்சின் அறையில் உள்ள தகட்டில் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட கியர் பொக்ஸின் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்த்தால் வண்டி பிறப்பிலேயே மெனுவலா, இடையில் மாற்றப்பட்டதா என்பது புலப்படும். விற்பனை விளம்பரங்களைப் பற்றி எழுதும்போது அந்தக் குறியீட்டை எப்படி வாசிப்பது என்பதைப் படத்தோடு ஒருமுறை வெளியிட்டால், முற்பணம் கொடுக்கப் போகும் இளைஞர்கள் பலருக்கு அது பயன்படும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு – 06.