80 குதிரைத்திறன் என்று விற்ற இன்ஜினில் கையிருப்புத் திறன் இல்லாதது குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சொந்தமாகக் கட்டிய இருவர் அமரும் விமானத்துக்காக உங்களிடம் வாங்கிய இன்ஜினும் புரொபெல்லரும் விளம்பரத்தில் சொன்ன ஏறும் வேகத்தைத் தராதது

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் ஏர்கூல்டு இன்ஜினை, அதற்கென்றே நீங்கள் பரிந்துரைத்த புரொபெல்லருடன் சேர்த்து வாங்கி, நானே கட்டிய விமானத்தில் பொருத்தியிருக்கிறேன். கியர் இல்லாமல் கிராங்க் ஷாஃப்டிலேயே புரொபெல்லரை மாட்டும் வகை. "80 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 900 அடி ஏறும்" என்று உங்கள் விளம்பர ஏட்டில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். இதை நம்பித்தான் வாங்கினேன். இரண்டு பேர் உட்கார்ந்து பறந்தால் இந்த இரண்டு எண்களில் எதுவும் கிடைப்பதில்லை.

நடப்பது இதுதான். டேங்க் நிரப்பி, இருவர் ஏறினால் மொத்த எடை 540 கிலோ. வடிவமைப்பாளர் அனுமதித்த உச்ச எடையும் அதுவே. இன்ஜினுக்கு வேகம் கூட்டும் திராட்டிலை முழுவதும் தள்ளினால் ஆர்.பி.எம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) காட்டும் முள் 2850-இல் போய் நின்றுவிடுகிறது. குளிர்ந்த காலையில் நிமிடத்துக்கு 350 அடி ஏறுகிறது. வெயில் ஏறிய பிறகு 200-ஐத் தொடவே திணறுகிறது. ஆயிரம் அடி உயரம் சேர்வதற்குள் சிலிண்டர் ஹெட் வெப்பமானி சிவப்புக் கோட்டுக்கு வந்துவிடுவதால், திராட்டிலைக் குறைத்தே ஆக வேண்டும். குறைத்தால் ஏறுவது நின்றுவிடுகிறது. ரன்வே முடிந்து, எதிரே மரவரிசை தெரிய, பக்கத்து இருக்கையில் என்னை நம்பி ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு கண் வெப்பமானியிலும் ஒரு கண் மரங்களிலுமாக இருப்பது என்னவென்று உங்கள் பொறியாளர்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உங்கள் 80 குதிரைத்திறன் 3600 ஆர்.பி.எம்மில் சோதனை மேடையில் அளந்தது. நீங்களே கொடுத்த புரொபெல்லர், ஏறும்போது இன்ஜினை 2850-க்கு மேல் சுற்றவிடுவதில்லை. முறுக்கு விசை எல்லா வேகத்திலும் மாறாது என்று தோராயமாக வைத்துக்கொண்டால், 2850-இல் கிடைப்பது சுமார் 63 குதிரைத்திறன்தான். மீதி 17 இந்த விமானத்தைப் பொறுத்தவரை ஏட்டுச் சுரைக்காய்.

அந்த 63-உம் முழுதாக இழுவிசையாக மாறுவதில்லை. குறுகிய விட்டத்தில் வேகமாகச் சுற்றும் புரொபெல்லர், ஏறும் வேகத்தில் 60 சதவீதம் பயன் தந்தாலே நல்லது. அப்படியானால் உண்மையில் கிடைப்பது 38. அதே வேகத்தில் உயரம் மாறாமல் பறப்பதற்கு மட்டுமே இந்த விமானத்துக்கு 25 தேவை. ஆக, ஏறுவதற்கென்று மிச்சம் இருக்கும் கையிருப்பு 13 குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் என்பது ஒரு நொடியில் 75 கிலோவை ஒரு மீட்டர் தூக்கும் வேலை. 540 கிலோவை 13 குதிரைத்திறனால் தூக்கினால் நொடிக்கு 1.8 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு சுமார் 355 அடி. நான் மானியில் பார்த்ததும் இதே எண்தான். உங்கள் 80-உம் முழுதாகக் கிடைத்தாலும் நிமிடத்துக்கு 650 அடியைத் தாண்டாது. அப்படியிருக்க, 900 அடி என்ற எண் எந்த எடையில், எத்தனை பேருடன், எந்த வெப்பநிலையில் அளந்தது? அதை ஏட்டில் எங்கேயும் காணோம்.

வெயில் நாளில் நிலைமை இன்னும் மோசம். 500 அடி உயரத்தில் இருக்கும் ரன்வேயில் 35 டிகிரி வெப்பம் என்றால், காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 3000 அடி உயரத்தில் இருப்பது போல ஆகிவிடும். டர்போ இல்லாத இன்ஜின் அங்கே சுமார் 10 சதவீதத் திறனை இழக்கும். 10 சதவீதம்தானே என்று தோன்றலாம். ஆனால் 38 என்பது 34 ஆகிறது. மெல்லிய காற்றில் பறக்கத் தேவையான திறனோ 25-இலிருந்து 26 ஆகிறது. மிச்சம் 8. இன்ஜின் இழந்தது பத்தில் ஒரு பங்கு. கையிருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. பைலட்டைக் காப்பாற்றுவது அந்தக் கையிருப்புதான். ஈரப் புல்தரை, கீழிறங்கும் காற்று, கார்புரேட்டரில் பனி உறையாமல் இருக்க சூடான காற்றை விடும் கார்புரேட்டர் ஹீட் போட வேண்டிய நிலை என்று எது வந்தாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதிக் கேட்டபோது உங்கள் பிரிவிலிருந்து வந்த பதில்கள் எனக்குத் திருப்தி தரவில்லை. விமானம் கனமாக இருக்கும் என்றார்கள். மூன்று சக்கரத்திலும் தராசு வைத்து எடுத்த எடைச் சீட்டை அனுப்பியிருக்கிறேன். வெற்று எடை வடிவமைப்பாளர் சொன்ன அளவுக்குள்தான் இருக்கிறது. சரி, பிட்ச் (அலகின் சாய்வு) குறைந்த புரொபெல்லர் மாட்டிப் பாருங்கள் என்றார்கள். மாட்டினால் ஏறும்போது ஆர்.பி.எம் கூடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹெட் இன்னும் சீக்கிரம் சூடாகும், சமமாகப் பறக்கும்போது வேகமும் குறையும். இப்போதே தாங்காத சூட்டுக்கு அது எப்படித் தீர்வாகும்? கடைசியில், சொந்தமாகக் கட்டிய விமானத்துக்குக் கட்டியவரே பொறுப்பு என்று முடித்துவிட்டார்கள். அந்தப் பொறுப்பை நான் மனதார ஏற்கிறேன். அதைச் சுமக்க எனக்கு உண்மையான எண்கள் வேண்டும். அதைத் தர வேண்டியது நீங்கள்.

இது முடியாத காரியமும் இல்லை. ரோட்டாக்ஸ் 912 யு.எல்.எஸ் இன்ஜினின் ஏட்டைப் பாருங்கள்: 5800 ஆர்.பி.எம்மில் 100 குதிரைத்திறன், அதுவும் 5 நிமிடத்துக்கு மட்டும். தொடர்ந்து ஓட்ட 5500 என்று பிரித்தே போட்டிருக்கிறார்கள். கியர் இருப்பதால் புரொபெல்லர் 2400 அளவில் நிதானமாகச் சுற்றுகிறது. பழைய காண்டினென்டல் ஏ-65 வெறும் 65 குதிரைத்திறன்தான், ஆனால் அதை 2300 ஆர்.பி.எம்மிலேயே தந்தது. நீளமான புரொபெல்லரோடு, 553 கிலோ எடைவரை அனுமதிக்கப்பட்ட பைப்பர் கப் விமானத்தைத் தூக்கியது அந்த இன்ஜின்தான். உங்கள் 80-ஐவிட அந்த 65 இருவர் விமானத்துக்கு எவ்வளவோ மேல்.

எனவே, இந்தப் புரொபெல்லருடன் ஏறும்போது கிடைக்கும் திறன் எவ்வளவு, ஹெட் சூடாகாமல் தொடர்ந்து எடுக்கக்கூடிய திறன் எவ்வளவு என்பதை அளவீட்டு வரைபடத்துடன் எழுத்தில் தாருங்கள். உச்ச எடையில், 15 டிகிரியிலும் 35 டிகிரியிலும் ஏறும் வேகம் என்ன என்பதையும் அப்படியே தர வேண்டும். அந்த எண்கள் விளம்பரத்தோடு ஒத்துப்போகாவிட்டால், தொகுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுங்கள். அப்புறம், என் பணத்தைவிட முக்கியமான ஒன்று: இதே தொகுப்பை வாங்கிய எல்லோருக்கும், இரண்டு பேரோடு வெயில் நேரத்தில் புறப்பட வேண்டாம் என்று உடனே எச்சரிக்கை அனுப்புங்கள். என் புகாரை விசாரித்து முடிக்கும்வரை அதைத் தள்ளிப்போடக் கூடாது.

எடைச் சீட்டு, ஆர்.பி.எம் காட்டும் டாக்கோமீட்டரைச் சரிபார்த்த குறிப்பு, ஏறும்போது எடுத்த ஆர்.பி.எம், வெப்ப அளவுகள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். உங்கள் பொறியாளர் நேரில் வந்து அளந்து பார்க்க விரும்பினால், விமானத்தைத் தயாராக வைத்திருக்கிறேன். அதுவரை அதில் யாரையும் ஏற்றப்போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்