கர்ண மோட்சம் முடிந்த காலையில்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நலம். நீயும் மருமகளும் நலமா? பைக்கில் போகும்போது ஹெல்மெட் போட்டுக்கொள். நான் கூப்பிட்டபோது எடுக்கவில்லை, வேலையாக இருந்திருப்பாய்.

நேற்று ராத்திரி மேட்டுத்தெரு பெரியவருக்குப் பதினாறாம் நாள். கர்ண மோட்சம் கூத்து வைத்தார்கள். நான்தான் கர்ணன். அவருடைய மூத்த மகன் அப்பா செத்த அன்றைக்குக்கூட அழவில்லையாம். விடியற்காலை நாலு மணி இருக்கும். குந்தி என்னை மடியில் போட்டு 'மகனே' என்று ஒப்பாரி வைத்ததும், அவன் நாங்கள் ஆடுகிற களரிக்குள்ளேயே வந்து உட்கார்ந்து அழுதான். யாரும் தடுக்கவில்லை. முகவீணைக்காரரும் நிறுத்தாமல் வாசித்தார். எட்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத தம்பி வந்து அவன் தோளைப் பிடித்தான். எல்லார் வீட்டிலும் டிவி இருக்கிறது. அதன் முன்னால் அப்படி அழுதிருப்பானா, அழுதாலும் தம்பிக்குத் தெரிந்திருக்குமா?

வைகாசியில் நம் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம். பகலில் வில்லிபாரதம் படிக்கப் பிரசங்கியார் வருகிறார். பத்து ராத்திரியும் கூத்து நம் ஜமாதான். அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏற ஆள் இல்லை, எனக்கு முட்டி மடங்குவதில்லை. உன்னை வரச் சொல்லவில்லை, உனக்கு லீவு கிடைக்காது. நீ ஏறின வருஷம் மேலிருந்து போட்ட எலுமிச்சம்பழத்தைப் பிள்ளை வரம் வேண்டி மடியேந்தி வாங்கினாளே கீழத்தெருக்காரி, அவள் பையன் ஒன்பதாவது படிக்கிறான். இன்னும் உன்னைக் கேட்கிறாள். துரியோதனன் சாகிற படுகளத்துக்கு பெங்களூரில் இருக்கிற பிள்ளைகள்கூட வந்துவிடுகிறார்கள்.

2002-ல் காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் குருகுலம் ஆரம்பித்தபோது, படிப்போடு கூத்தும் சொல்லித்தருகிறார்கள், இவனைச் சேர்க்கலாமா என்று அம்மா கேட்டாள். அங்கே பெண் பிள்ளைகளும் கட்டை, அதுதான் வேஷத்துக்கான மர நகைகள், கட்டி ஆடினார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். 2020-ல் அதையும் மூடிவிட்டார்கள்.

அது மட்டுமில்லை. உன்னை ஆறாவதில் சேர்க்கும்போது அப்பாவுக்கு என்ன தொழில் என்று கேட்டார்கள். நீ வாயைத் திறப்பதற்குள் 'விவசாயக் கூலி' என்று நான் சொன்னேன். வெளியே வந்து, கூத்தாடி மகன் என்று எங்கேயும் சொல்லாதே என்று உன் காதைத் திருகினேன். முந்தின ராத்திரி அரிதாரம் என் காதோரம் சரியாகப் போகவில்லை. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே 'விவசாயி' என்று பார்த்தபோது சாப்பிட முடியவில்லை. உன்னிடம் கேட்கவும் முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் அது நான் சொல்லிக்கொடுத்ததுதான். உன்மேல் தப்பில்லை அப்பா.

படுகளம் ஞாயிற்றுக்கிழமை. மண்ணில் துரியோதனன் உருவம் செய்து படுக்க வைக்க சனிக்கிழமையே ஆள் வருகிறது. மருமகளுக்கு முன்வரிசையில் பாய் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு தூரம் பைக்கில் வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள்.

அப்பா