வெறும் வாளியோட வந்த ஞாயிற்றுக்கிழமை

மச்சான்,

உன்ட மெசேஜ் வந்து பத்து நாளாகுது, உடனே பதில் போடேல்ல எண்டு கோவிக்காத, இங்க ரெண்டு மூண்டு விசயம் ஒண்டாச் சேந்து வந்திட்டு. அம்மாக்கு கண் ஒப்பரேசன் செய்து இப்ப நல்லா இருக்கிறா, கட்டு அவிழ்த்த உடனே முதல் கேட்டது முத்தத்து மாமரத்தில காய் கிடக்கா எண்டுதான். சின்னவளுக்கு ஓ எல் சோதனை கிட்டுது, வீட்டில டிவி போடவே பயமா இருக்கு. இப்பதான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு, அதால நீட்டித்தான் எழுதப்போறன், ஆறுதலா இருந்து வாசி.

போன மாரிக்க அங்க கனடாவில சிம்கோ ஏரிக்கு மீன் பிடிக்க மூண்டு தரம் போனதைப் பத்தி நீ எழுதினதை நான் ரெண்டு தரம் வாசிச்சன். லைசன்ஸ் எடுத்து, வாகனத்துக்கு எண்ணெய் அடிச்சு, அந்தக் குளிருக்க ஐஸில ஓட்டை போட்டு, கூடாரத்துக்குள்ள நாலு பேர் குந்தியிருந்து, மூண்டு தரமும் வெறுங்கையோட வந்திருக்கிறாய். மீன் படாட்டி அதென்ன மீன்பிடி, அந்தக் காசுக்கு கடையில நல்ல மீனா நாலு வாங்கியிருக்கலாம், இனி அந்தப் பக்கம் தலை வச்சும் படுக்கமாட்டன் எண்டு முடிச்சிருக்கிறாய். அந்த வரிதான் மச்சான் எனக்கு மனசுக்க கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனெண்டா நீ அதை எழுதின அந்தக் கிழமைதான் நானும் கடலுக்குப் போய் ஒண்டும் இல்லாம வந்தனான், வந்து ரெண்டு நாளா எனக்கு அவ்வளவு சந்தோசம், அது ஏன் எண்டு நானும் யோசிச்சுக்கொண்டுதான் இருந்தன்.

நடந்ததைச் சொல்லுறன் கேள்.

நம்மட பேக்கரிக்காரன், நான், என்ட மச்சினன், மூண்டு பேர். இங்க திருகோணமலையில, திருக்கடலூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் மீன்பிடிப் போட்டு ஒண்டு வச்சிருக்கிறார், அறுபது வயசு தாண்டின மனுசன், கரையில நடந்தா கால் இழுக்கும், போட்டுக்குள்ள ஏறினா இருபது வயசுப் பொடியன் மாதிரி. விடிய ரெண்டரைக்கு வெளிக்கிட்டம். அமாவாசை கிட்ட, கும்மிருட்டு. கோணேசர் மலையைச் சுத்தி வெளிய போகேக்க மேல கோயில் லைட் மட்டும் தெரியுது, மலை தெரியேல்ல, வெளிச்சம் தனிய ஆகாசத்தில தொங்குற மாதிரி. அண்ணன் ஒரு கையால இஞ்சினைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையைத் தலைக்கு மேல தூக்கி கும்பிட்டார். மலையில இருக்கிற இராவணன் வெட்டு எண்ட பிளவுக்குள்ள அலை போய் அடிச்சுத் திரும்புற சத்தம் இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டுது.

பிறகு கடலுக்கடியில கல்லுக் கிடக்கிற ஒரு பாருக்கு மேல போய் நங்கூரம் போட்டு இஞ்சினை நிப்பாட்டினார். அந்த இஞ்சின் நிண்ட பிறகு வாற அமைதி இருக்கே, அது கரையில எங்கயும் கிடைக்காது. கணவாயை விரல் அளவுக்கு வெட்டி முள்ளில கொழுவி, ஈயத்தைக் கட்டி இறக்கினம். தண்ணிக்க தங்கூசி நூல் போற வழியெல்லாம் பச்சையா ஒரு வெளிச்சம், நூலை ஒரு சாண் இழுத்தாலும் தீக்குச்சி உரசின மாதிரி பத்தி நூருது, கையை விட்டு அளைஞ்சா கையெல்லாம் மின்னுது. மச்சினன் சின்னப்பிள்ளை மாதிரி அளைஞ்சுகொண்டே இருந்தான், அண்ணன் "தம்பி, மீன் வெருளும்" எண்டார், அவனால நிப்பாட்ட முடியேல்ல.

உனக்கு இதைச் சொல்லேக்க எனக்கு ஒண்டு தோணுது. நீயும் நானும் கடற்கரையில பிறந்து கடற்கரையில வளந்த ஆக்கள், ஆனா ராத்திரிக் கடல் எப்பிடி இருக்கும் எண்டு நம்மளுக்குத் தெரியாது. நம்மட பள்ளிக்கூடக் காலம் சண்டைக் காலம், தொழிலுக்குப் போற ஆக்களுக்கே பாஸ், நேரக் கட்டுப்பாடு, இஞ்சினுக்கு இத்தின குதிரைவலுதான் எண்டு கட்டுப்பாடு. நம்மளை எல்லாம் ஆர் விடப்போறாங்கள், உட்துறைமுகத்துக் கரைக் கல்லில இருந்து போத்தலில சுத்தின நூலைப் போட்டுட்டு இருட்ட முதல் வீட்டுக்கு ஓட வேணும், இல்லாட்டி உன்ட அப்பா சைக்கிள்ல தேடி வந்திடுவார். 2009ல சண்டை முடிஞ்ச பிறகுதான் நான் முதல் முதலா ராவில கடலுக்குப் போனன், அப்ப நீ அங்க போய்ச் சேந்திட்டாய். நீ இன்னும் பாக்கேல்ல மச்சான், சொந்த ஊர்க் கடலை நீ இருட்டில பாக்கேல்ல, எனக்கு அது பெரிய கவலை.

சரி, விசயத்துக்கு வாறன். நூல் போட்டு முதல் ஒரு மணித்தியாலம் ஒண்டும் இல்ல. உனக்கு நூல் தூண்டில் மறந்திருக்கும், தடியும் ரீலும் வந்து கனகாலம். நூலை சுட்டுவிரலில ஒரு தரம் போட்டு லேசா இழுவையில வச்சிருக்க வேணும், விரல்தான் கண்ணு. கீழ ஈயம் கல்லில தட்டுறது தெரியும், போட்டு அலையில ஏறி இறங்குறது தெரியும், நீரோட்டம் நூலைச் சாய்க்கிறது தெரியும், இந்த எல்லாத்துக்கும் நடுவில ஒரு சின்னத் துடிப்பு வரும், அது வேற. அது வருமா வருமா எண்டு உடம்பு முழுக்க அந்த ஒரு விரலுக்க போய் இருக்கும். நாலு மணித்தியாலம் நான் போனைத் தொடேல்ல. கடைக் கணக்கு, லோன், சின்னவளின்ட சோதனை ஒண்டுமே மண்டைக்குள்ள இல்ல.

நாலரை போல எனக்கு ரெண்டு தரம் டொக் டொக் எண்டு கொத்திச்சு, நான் சுண்டி இழுத்தன், ஒண்டும் இல்ல, திரும்ப விட்டுட்டு காத்திருந்தன். அரை மணித்தியாலத்துக்கு மேல இருந்திருப்பன். கிழக்கால வெளுக்கத் தொடங்கிச்சு. அந்த அரை மணித்தியாலம்தான் அண்டைக்கு எனக்கு ஆகத் திறமான நேரம், சத்தியமாச் சொல்லுறன், இந்தா வருது இந்தா வருது எண்டு. பிறகு இரை மாத்துவம் எண்டு இழுத்துப் பாத்தா முள்ளே இல்ல. ஈயத்துக்கு மேல நூல் பிளேட்டால வெட்டின மாதிரி நறுக்கெண்டு அறுந்து கிடக்கு. அண்ணன் நுனியை விரலால தடவிப் பாத்திட்டு "பேத்தை" எண்டார். அந்த மீன் கடிச்சா நூல் நிக்காது, பிடிபட்டாலும் பிரயோசனம் இல்ல, நஞ்சு, தின்னேலா.

நான் அப்பிடியே நூலைப் பாத்துக்கொண்டு இருந்தன் மச்சான். அரை மணித்தியாலமா நான் முள் இல்லாத நூலைத்தான் பிடிச்சிருந்திருக்கிறன். ஒரு மீனும் வர வழியே இல்ல. ஆனா அந்த நேரம் எனக்குப் பொய்யா இருக்கேல்ல, அந்தச் சந்தோசம் உண்மையான சந்தோசம்தான். அதே நேரம், முள் இல்ல எண்டு தெரிஞ்ச பிறகு அந்த நூலை இன்னும் ஒரு நிமிசம் பிடிச்சுக்கொண்டு இருக்கச் சொன்னா என்னால ஏலாது, கை தன்பாட்டில அடுத்த முள்ளைத் தேடுது. இதைத்தான் நான் உனக்குச் சொல்ல வந்தனான். மீன் கைக்கு வர வேணும் எண்டு இல்ல, ஆனா வரலாம் எண்டு இருக்க வேணும். அது இல்லாட்டி வெறும் கடல் பாக்கிறதுதான், கடல் பாக்க நான் டச்சு பே கடற்கரையில போய் இருக்கலாம், இருந்தும் பாத்திருக்கிறன், பத்து நிமிசத்தில போனை எடுத்திடுவன்.

அதாலதான் உன்ட கதையில ஒரு இடம் எனக்குப் பட்டுது. உன்னோட வந்தவங்கள் மீன் தேடுற மெஷின் கொண்டுவந்தவங்கள், அதைப் பாத்துக்கொண்டே இருந்தம், கீழ ஒண்டுமே காட்டேல்ல எண்டு எழுதியிருந்தாய். அப்ப நீ என்னத்துக்குக் காத்திருக்கிறது, சொல்லு? கீழ மீன் இல்ல எண்டு படம் போட்டுக் காட்டின பிறகு நீ பிடிச்சிருந்ததும் முள் இல்லாத நூல்தான். அந்தக் குளிரும் வீண், அந்த ரோட்டும் வீண். மீன் படாததால நீ களைக்கேல்ல, காத்திருக்க விடாததாலதான் களைச்சிட்டாய் எண்டு நான் நினைக்கிறன். அடுத்த மாரி ஒருக்கா அந்த மெஷின் இல்லாம, உனக்குப் பிடிச்ச ஒரு ஆளோட போய்ப் பார்.

இதுக்காக மீனே தேவையில்ல எண்டு நான் பெரிய ஞானி மாதிரிக் கதைக்க வரேல்ல. ரெண்டு வருசத்துக்கு முதல் குச்சவெளிக்கு வெளிய ஒரு பாரை மீன் கூட்டத்துக்க மாட்டினம், நூல் போடப் போட இழுக்குது, முதல் மீன் இழுக்கேக்க நான் கத்தின கத்தல் கரைக்கே கேட்டிருக்கும். நல்ல சந்தோசம், இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா பத்தாவது மீனுக்குப் பிறகு அது வேலையாப் போச்சு, தங்கூசி வெட்டி விரலெல்லாம் காயம், சூரியன் எப்ப வந்தது எண்டே தெரியாது, கரைக்கு வந்து பங்கு பிரிக்கேக்க ரெண்டு பேருக்குள்ள கதை வளந்து, அவங்கள் மூண்டு மாசம் முகம் பாக்கேல்ல.

மற்றப் பக்கம், உட்துறைமுகத்துக் கல்லில நீ பிடிச்ச அந்த ஒட்டி மீன் எனக்கு இன்னும் கண்ணுக்க நிக்குது. உள்ளங்கை அளவு. கழட்டப் போய் முள்ளுக் குத்தி நீ கையை உதறிக்கொண்டு குதிச்சதும், அந்தக் கடுப்போட அதைச் சாரத்து மடியில சுத்திக் கொண்டுபோனதும், உன்ட அம்மா அதை அஞ்சு துண்டாக்கிப் பொரிச்சு அஞ்சு பேருக்கும் வச்சதும். எனக்கு வால் துண்டுதான் வந்தது, மொறுமொறு எண்டு இருந்தது. அந்த ஒரு மீன் இல்லாட்டி அந்த நாள் எனக்கு இல்ல. அதால மீன் ஒரு பொருட்டில்ல எண்டு ஆரும் சொன்னா எனக்கு அதுவும் பிடிக்காது.

அண்டைக்கு விடிஞ்ச பிறகு தூரத்தில ஒரு திமிங்கிலம் மூச்சு விட்டுது, வெள்ளையா புகை மாதிரி எழும்பி காத்தில சரிஞ்சுது, ரெண்டு தரம் பாத்தம், பிறகு காணேல்ல. இதைப் பாக்கத்தான் வெளிநாட்டுக்காரர் மார்ச்சில இருந்து ஓகஸ்ட் வரைக்கும் காசு குடுத்துப் போறவங்கள், நம்மளுக்கு இரை மாத்துற இடைவெளியில கிடைச்சுது. பாணும் சம்பலும் சாப்பிட்டு, பிளாஸ்கில பிளேன்ரீ குடிச்சு, எட்டரைக்குத் திரும்பினம். வாளிக்க ரெண்டு சின்னக் கிளாத்தி மீன், அதையும் மச்சினன் பாவம் எண்டு திருப்பி விட்டுட்டான்.

ஆனா மச்சான், கரைக்கு வந்த பிறகு நடந்ததை நான் மறைக்கக்கூடாது. நாங்க மூண்டு பேரும் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு இறங்கிறம், அண்ணன் குனிஞ்சு எண்ணெய்க் கானைத் தூக்கி ஆட்டிப் பாக்கிறார். நான் காசு குடுத்தா பாதியைத் திருப்பித் தாறார், "மீன்பாடு இல்லாம உங்களைக் கூட்டிக்கொண்டு வந்திட்டன் தம்பி, முழுசா வாங்க மனம் வரேல்ல" எண்டார். எனக்கு நெஞ்சுக்க என்னமோ செய்திச்சு. எங்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு அது அடுப்பு. 2022 ஓகஸ்ட்ல மண்ணெண்ணை லீற்றர் 87 ரூபாயில இருந்து ஒரே இரவில 340 ஆனது உனக்குத் தெரியும்தானே, அந்த நேரம் எத்தின போட்டு கரையில கவிட்டுக் கிடந்தது. பிறகு விலை இறங்கினாலும் பழைய விலைக்கு வரேல்ல. வெறுமையா வாற ஒவ்வொரு நாளும் அவர் கடனோட வாறார். அவருக்கு முன்னால நிண்டு மீன் கிடைக்காட்டி என்ன, நல்ல சந்தோசம் எண்டு சொல்ல என்ட வாய் வரேல்ல, சொல்லவும் கூடாது.

காசை அவர் சேட்டுப் பொக்கெட்டுக்குள்ள நானே வச்சுவிட்டன். பிறகு அவர்ட்ட மெல்லக் கேட்டன், அண்ணன், மீன் படாத நாள் உங்களுக்குக் கோவம் வாறேல்லையா எண்டு. கொஞ்சநேரம் கடலைப் பாத்திட்டுச் சொன்னார், "வரும் தம்பி. ஆனா கடலுக்க வச்சு வராது. கரைக்கு வந்து எண்ணெய்க் கணக்குப் பாக்கேக்கதான் வரும்."

நாப்பது வருசமாத் தொழில் செய்யிற மனுசன். கடலுக்க வச்சு வராது எண்டார். அதைக் கேட்டதில இருந்து எனக்கு அவரோட திரும்பப் போகவேணும் போல இருக்கு, வாற மாசம் எப்பிடியும் போவன், இந்தமுறை எண்ணெய்க் காசைத் தனியா முதல்லயே குடுத்திடுவன்.

நீ டிசம்பர் லீவில வாறதாச் சொன்னாய், அந்த நேரம் வராத. வாடைக் காத்து பிறந்து கடல் கலங்கிக் கிடக்கும், கரையில நிண்டு பாக்கலாமே ஒழிய வெளிய போகேலா. பிள்ளையளுக்கு ஜூலையில பள்ளிக்கூடம் விடுந்தானே, அப்ப வா, கச்சான் காத்து அடிச்சாலும் விடியப்புறம் கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கும். அமாவாசையைப் பாத்து நாள் குறி. அம்மாவும் உன்னைக் கேட்டவ, இப்ப நல்லாக் கண் தெரியுது, வந்தா அடையாளம் பிடிப்பன் எண்டு சொல்லச் சொன்னவ.

வரேக்க அங்கத்தைய முள்ளு ஒரு பெட்டி கொண்டு வா, சின்னக் கம்பி வச்சுக் கட்டினதாப் பாத்து வாங்கு, பேத்தை கடிச்சாலும் லேசில அறாது. அண்ணனுக்கும் ஒரு பெட்டி.

அன்போட,
உன்ட மச்சான்