லியார்ட் ஆற்றங்கரையிலிருந்து

லியார்ட் வெந்நீர் ஊற்று, பிரிட்டிஷ் கொலம்பியா
ஜூன் 14, இரவு

அன்புள்ள ராமு,

சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை. மன்னித்துவிடு. முட்டி எப்படி இருக்கிறது? பயிற்சியை நிறுத்திவிட்டாய் என்று தங்கச்சி போனில் சாரதாவிடம் சொல்லிவிட்டது, அதனால் பொய் எழுதாதே.

மாப்பிள்ளை ஒரு மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்து, எங்களை அலாஸ்கா நெடுஞ்சாலையில் கூட்டிப் போகிறார். 25 அடி வண்டி. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிறது. அவர் ஓட்டுகிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்க்கிறேன். நாற்பது வருடம் சாலை போட்ட வேலை, கண் வேறெங்கும் போகமாட்டேன் என்கிறது.

காலையில் ஃபோர்ட் நெல்சனில் பெட்ரோல், கேஸ், தண்ணீர் எல்லாம் நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். இங்கே 310 கிலோமீட்டர். நடுவில் ஊர் என்று சொல்ல எதுவும் கிடையாது, பெட்ரோல் விற்கும் விடுதிகள் சில உண்டு. அரை டேங்க் இருந்தாலும் கண்ட இடத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும். போனில் சிக்னலும் இல்லை. இந்தச் சாலையிலேயே உயரமான இடம் சம்மிட் ஏரிப் பக்கம், 1,295 மீட்டர். நம் கொல்லிமலை உயரம்தான்டா! ஆனால் ஜூன் மாதத்தில் சரிவெல்லாம் பனித் திட்டுகள். மலை ஆடுகள் நடுச்சாலையில் நின்று உப்பை நக்கிக்கொண்டிருந்தன. மஞ்சோ ஏரியில் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு மயில்கழுத்துப் பச்சையில் தண்ணீர். அதையொட்டி மலையடியைக் குடைந்து சாலை போட்டிருக்கிறார்கள். ஒரு வளைவில் அலமாரிக் கதவு திறந்து சாம்பார் பொடி டப்பா கவிழ்ந்துவிட்டது. வண்டிக்குள் இன்னும் அந்த வாசனை. அப்புறம் காட்டெருமைக் கூட்டம் ஒன்று குட்டிகளோடு வந்தது. அவை போகும்வரை வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

இதையெல்லாம் போட்டோவில் காட்டிக்கொள்ளலாம். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

இந்தச் சாலையை 1942இல் அமெரிக்க ராணுவம் போட்டது. மார்ச்சில் ஆரம்பித்து அக்டோபருக்குள் இரண்டு முனையும் சேர்ந்துவிட்டது. 2,000 கிலோமீட்டருக்கு மேல்! பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்ட பிறகு, ஜப்பான்காரன் அலாஸ்காவுக்கு வந்துவிடுவான் என்ற பயம். நம் எஸ்டிமேட் கையெழுத்தாகி வரவே எட்டு மாதம் ஆகும், ஞாபகம் இருக்கிறதா? வடக்கே போகப் போக மண் வருடம் பூராவும் உறைந்தே கிடக்கிறது. நாம் முதலில் என்ன செய்வோம்? மேல்மண்ணையும் புல்லையும் வழித்து எடுப்போம். அவர்களும் அப்படித்தான் செய்தார்கள். பாசி வழித்த இடத்தில் வெயில் பட்டதும் உறைந்த மண் உருகி, லாரியும் டோசரும் சேற்றில் புதைந்தன. அந்தப் பாசிதான் மண்ணுக்குப் போர்வை. அது புரிந்த பிறகு வழிக்காமல் விட்டு, மரங்களை வெட்டிக் குறுக்கே நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் மண்ணும் சரளையும் கொட்டிச் சாலை போட்டார்கள். படித்ததும் ‘தோண்டாதே, தூக்கிப் போடு’ என்று நம் ஓவர்சியர் மாமா நம் சாலைச் சேற்றில் நின்றுகொண்டு கத்தியது காதில் கேட்டது. அன்றைக்கு நாம் இரண்டு பேரும் சிரித்தோம்.

போட்டவர்கள் யார் தெரியுமா? பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். பலர் தெற்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், இப்படி ஒரு குளிரை அறியாதவர்கள். அப்போது ராணுவத்தில் அவர்களுக்குத் தனிப் படைப்பிரிவு. அதிகாரிகள் மட்டும் வெள்ளைக்காரர்கள். சிக்கானி சீஃப் ஆற்றுக்கு நான்கே நாளுக்குள் மரப்பாலம் கட்டியது அவர்கள்தான். நேற்று அந்த ஆற்றைக் கடக்கும்போது நான் தொப்பியைக் கழற்றினேன். ராணுவத்தில் அந்தப் பிரிவினையை ஒழிக்க உத்தரவு வந்தது 1948இல்தான். பாலம் கட்டியவர்களின் கதையைப் பல காலம் யாரும் பேசவே இல்லை.

பாலம் என்றதும் இன்னொன்று. சாயங்காலம் லியார்ட் ஆற்றின் தொங்கு பாலத்தைத் தாண்டி வந்தோம். 1943இல் கட்டியது. இந்த நெடுஞ்சாலையில் மிஞ்சியிருக்கும் தொங்கு பாலம் இது ஒன்றுதான். தெற்கே பீஸ் ஆற்றில் கட்டிய இன்னொன்று 1957இல் விழுந்துவிட்டது. கம்பிவடத்தைப் பிடித்து நிற்கும் கான்கிரீட் கட்டை, அந்த ஆங்கர் பிளாக் நழுவியது, கீழே ஷேல் என்ற மெல்லிய களிப்பாறை! நீயும் நானும் அஸ்திவாரக் குழிக்குள் இறங்கிச் சண்டை போட்டது இதற்காகத்தானே. நீ சொன்னதுதான் சரி, இன்னொரு தடவை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது பத்து மணி. இன்னும் வெளிச்சம் போகவில்லை. சதுப்புக்கு மேல் போட்ட பலகை நடைபாதையில் போய், ஊற்றில் கழுத்துவரை உட்கார்ந்துவிட்டு வந்தேன். முதன்முதலில் அந்தப் பலகையைப் போட்டதும் 1942இல் ராணுவம்தான். வேலை முடிந்து அந்தப் பையன்கள் இதில் இறங்கியிருப்பார்கள். யார் முதலில், யார் பிறகு என்று தெரியவில்லை. அதை நினைத்ததும் என்னால் தண்ணீரில் உட்கார முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

ராமு, உன் பீரோவில் ஒரு போட்டோ இருக்கிறது. மண் சரிந்த வருடம், எட்டாவது கொண்டை ஊசி வளைவில், நம் கேங் ஆட்கள் மண்வெட்டியோடு நிற்பது. நடுவில் நீ மைனர் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாய். மழையில் பதினோரு நாள் அவர்கள்தான் வெட்டினார்கள். மஸ்டர் ரோலில், அந்தக் கூலி ஆட்கள் பதிவேட்டில், பெயர் இருந்திருக்கும், அது எந்தக் கரையானுக்குப் போனதோ. அந்தப் போட்டோவை எடுத்து, பின்பக்கம் பெயர்களை எழுது. இடது ஓரம் மாரி. அவன் பக்கத்தில் செல்லப்பன். தலைப்பாகை கட்டியவர் பெரியண்ணன். நான்காவது ஆள் முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. நம் எல்லோருக்கும் ராகிக் களி கொண்டுவருவாரே, அவர். உனக்கு ஞாபகம் வந்தால் உடனே எழுது. உனக்கும் வராவிட்டால் செல்லப்பன் மகன் இன்னும் அடிவாரத்தில்தான் கடை வைத்திருக்கிறான். முட்டியைச் சாக்குச் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்க் கேள்.

நாளைக்கு வாட்சன் லேக். அங்கிருந்து போன் செய்கிறேன்.

உன்
சுந்தரம்