கேர்பிஷ்லியை நாங்கள் துரத்தவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பிரீமியர் லீக் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். பெரிய கழகங்களைப் பற்றி எழுதியதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. ஆனால் போகிற போக்கில் எங்கள் சார்ல்டன் அத்லெட்டிக்கை ஒரு குத்துக் குத்தியிருக்கிறார் கட்டுரையாளர். நடுத்தட்டில் வசதியாக இருந்தது அலுத்துப்போய், ரசிகர்களே பயிற்சியாளர் அலன் கேர்பிஷ்லியைத் துரத்திவிட்டு, பிறகு குந்தியிருந்து அழுதார்களாம். ஆங்கிலத் தொலைக்காட்சியில் இந்தக் கதையைக் கிட்டத்தட்ட இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கழகத்தின் ரசிகர்கள் முணுமுணுத்தாலும், "சார்ல்டனுக்கு நடந்ததைப் பாருங்கள்" என்பார்கள். இப்போது தமிழிலும் வந்துவிட்டதே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் 1997இல் லண்டன் வந்தவன். வூலிச்சில் ஒரு அறை, இரவில் பெற்றோல் ஷெட்டில் வேலை. கூட இருந்த பெடியள் எல்லாரும் ஆர்சனல் அல்லது மன்செஸ்டர் யுனைட்டட். எனக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தது சார்ல்டன் மைதானம். அதன் பெயர் 'தி வேலி'. ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது "சனிக்கிழமை வேலிக்குப் போறன்" என்றால், "லண்டனிலும் வேலி அடைக்கிறதோ?" என்று அம்மா கேட்பா.

1998 மே 25, பிரீமியர் லீக்குக்கு ஏறப்போவது யார் என்று முடிவாகிற, சண்டர்லாண்டுக்கு எதிரான வெம்ப்ளி இறுதியாட்டத்தை வானொலியில் கேட்டேன். 4-4. பெனால்டியில் 7-6. கடைசி உதையை எங்கள் கோலி சாஷா இலிச் பிடித்தபோது நான் கத்திய கத்தில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அடுத்த வருடமே கீழே இறங்கினோம். 2000இல் முதலாம் பிரிவில் (பெயர்தான் அப்படி, அப்போது அது இரண்டாம் தரம்) சாம்பியனாகித் திரும்ப ஏறினோம். அந்த வருடம்தான் சீசன் டிக்கெட் வாங்கினேன், கிழக்குப் பக்கத்தில்.

பக்கத்து இருக்கையில் ஒரு கிழவர். முதல் மூன்று ஆட்டங்களுக்கு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நாலாவதில், இடைவேளைக்கு நான் கொண்டுபோன மட்டன் ரோல்ஸின் பெட்டியைத் திறக்க, மணம் அவரைத் திரும்ப வைத்தது. ஒன்றை எடுத்து இரண்டு விரலால் பிடித்து, ஏதோ வெடிபொருளைப் பார்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாவதைக் கேட்டு வாங்கினார். அன்றிலிருந்து இடைவேளை தோறும் எனக்கு வரலாற்றுப் பாடம்.

1985இல் வேலியை விட்டுப் போக வேண்டி வந்ததையும், கிறிஸ்டல் பேலஸ் கழகத்தின் மைதானத்தில் அகதிகளாக ஆடியதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். 'அகதி' என்ற சொல்லை அவர்தான் பாவித்தார். பிறகு என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். கைவிடப்பட்ட படிக்கட்டுகளில் முளைத்த பற்றைகளை 1989இல் ரசிகர்களே போய்ப் பிடுங்கி, மைதானத்துக்குள் குவித்து எரித்தார்களாம். மாநகரசபை திரும்பி வர அனுமதி தராதபோது 'வேலி கட்சி' என்று ஒன்றைத் தொடங்கி 1990 உள்ளூர்த் தேர்தலில் நின்று 14,838 வாக்கு எடுத்தார்கள். 1992 டிசம்பர் 5, போர்ட்ஸ்மத்துடன் முதல் ஆட்டம். கொலின் வால்ஷ் கோல் போட 1-0 என்று வென்று வீட்டுக்கு வந்தார்கள். பற்றை பிடுங்கி, வாக்குப் பிச்சை எடுத்துத் தங்கள் மைதானத்தை மீட்ட சனத்தைத்தான் கட்டுரை நன்றிகெட்டவர்கள் என்கிறது.

சரி, கட்டுரை சொல்லும் அந்த நடுத்தட்டுக் காலம் எப்படி இருந்தது? பிரீமியர் லீக்கில் 2000 முதல் 2007 வரை ஏழு பருவங்கள். 2001 நவம்பரில் ஆர்சனலை அவர்களின் ஹைபரி மைதானத்திலேயே 4-2 என்று அடித்தோம். அந்தப் பருவம் சாம்பியனானதே ஆர்சனல்தான். 2003 ஒக்டோபரில், அந்த லீக் பருவம் முழுக்கத் தோல்வியே காணாத ஆர்சனல் வேலிக்கு வந்தது. பெனால்டி எடுக்க எங்கள் டி கானியோ வந்தார். ஓடி வந்து, பந்தை மெதுவாக, சாப்பாட்டுக் கோப்பையைப் பக்கத்துக்குத் தள்ளுகிற மாதிரி, நடுவிலே மிதக்க விட்டார். ஆர்சனல் கோலி லேமன் ஒரு பக்கம் பாய்ந்து கிடந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆர்சனலின் ஓன்ரி சமன் செய்து 1-1. கிழவர் மட்டும் அந்தப் பெனால்டியை ரசிக்கவில்லை. "கோலி அசையாமல் நின்றிருந்தால்?" என்று கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதே வருடம் நத்தாருக்கு மறுநாள் காசு கொட்டிக் கட்டிய செல்சியை 4-2. அடுத்த மாதம் நாங்கள் நாலாம் இடத்தில். அந்த ஜனவரி முடிவதற்குள் எங்கள் ஸ்கொட் பார்க்கரை அதே செல்சி ஒரு கோடி பவுணுக்கு வாங்கிக்கொண்டு போனது. அந்தப் பருவம் 53 புள்ளியோடு ஏழாவதாக முடித்தோம். ஐந்தாம் இடத்துக்கு, அதாவது ஐரோப்பியப் போட்டிக்கு, மூன்றே மூன்று புள்ளி குறைவு. பார்க்கர் நின்றிருந்தால் என்று நாங்கள் இன்றும் கணக்குப் பார்க்கிறோம்.

அலுப்பு இருந்ததா என்றால், இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. கீழே இறங்காமல் தப்பிக்க 40 புள்ளி போதும் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கள் அணிக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். அந்த எண்ணைத் தொட்டதும் பங்குனி வெயிலில் படுத்த நாய் மாதிரி ஆகிவிடுவார்கள். இரவு வேலை முடித்து வந்து ஒரு சித்திரை மாதச் சனிக்கிழமை இருக்கையிலேயே நித்திரையாகியிருக்கிறேன். கிழவர் எழுப்பவில்லை. ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன். எழுப்பிக் காட்டுகிற அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றார்.

முணுமுணுத்தோம், திட்டினோம். இரயிலில் ஆளாளுக்குப் பயிற்சியாளராகி அணி போட்டோம். ஆனால் 'போ' என்று யார் சொன்னது? 2006இல் கேர்பிஷ்லியின் ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் இருந்தது. அந்த வசந்தத்தில் இங்கிலாந்து அணியின் பொறுப்புக்கு நேர்முகம் போய் வந்திருந்தார். ஒப்பந்தத்தை நீட்டுவது சரிவராததால், கழகமும் அவரும் பேசிப் பிரிந்தார்கள். பதினைந்து வருடம் அவர் பார்த்த வேலை. பிளாக்பேர்னுடனான கடைசி வீட்டு ஆட்டத்தில் தோற்றோம். ஆனாலும் மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. துரத்துகிறவர்கள் அப்படியா செய்வார்கள்?

விழுந்த கதைக்குக் காரணம் அதற்குப் பிறகு நடந்தது. ஒரே பருவத்தில் மூன்று பயிற்சியாளர்கள்: இயன் டவ்வி, லெஸ் ரீட், அலன் பார்டியூ. நடுவில் நாலாம் தரத்தில் ஆடிய வைக்கம்பிடம் சொந்த மைதானத்திலேயே லீக் கோப்பையில் தோல்வி. அந்த இரவு முழங்கால் வரை குளிர். 2007 மே 7 திங்கட்கிழமை டொட்டன்ஹாம் ஸ்பர்ஸிடம் 2-0 என்று தோற்றுக் கீழே போனோம். இரண்டாவது கோலைப் போட்டவர் டிஃபோ, சிறுவனாக எங்கள் பயிற்சியில் இருந்து பின்பு வெஸ்ட் ஹாமுக்குப் போனவர். வேறு யார் போட்டிருந்தாலும் இவ்வளவு எரிந்திருக்காது. 2009இல் மூன்றாம் தரம். யார் ஆளைத் தேர்ந்தார்கள், யார் காசைச் செலவழித்தார்கள் என்று கட்டுரையாளர் கேட்கவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் தலையில் போடுவது சுலபம்தானே.

கடந்த வருடங்களில் கூடிக் கதைக்கும்போது நாங்கள் நினைத்துப் பார்ப்பது செல்சியை அடித்ததையும் ஹைபரியையும்தான் என்று நினைப்பீர்கள். அவையும் வரும். ஆனால் அதிகம் கதைப்பது அந்த அலுப்பான சனிக்கிழமைகளை. கோல் இல்லாத ஆட்டம், பனிமூட்டம், எங்கள் கோலி டீன் கீலி பந்தைப் பிடித்து நிலத்தில் இரண்டு தரம் தட்டுகிற சத்தம். 2025 மே 25, லெய்ட்டன் ஓரியன்டை வென்று இரண்டாம் தரத்துக்கு ஏறியபோது இரயிலில் வந்த ஒருத்தர், "இனி மேலே போய்ப் பதினாலாவதாக முடித்து, திரும்ப ஒருக்கா நல்லா அலுக்க வேணும்" என்றார். பெட்டி முழுக்கச் சிரிப்பு. 1998 வெம்ப்ளிக்கும் அன்றைக்கும் சரியாக 27 வருடம், அதே திகதி.

இன்னொரு திருத்தம். வெம்ப்ளியில் மூன்று கோல் போட்ட கிளைவ் மெண்டோன்சாவைக் கட்டுரை 'லண்டன் பையன்' என்கிறது. அவர் வளர்ந்ததே சண்டர்லாண்டில்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
வூலிச், லண்டன்